மாடித் தொட்டி அழுத்தத்துக்கு ஏற்ற சொட்டுநீர் கிட் தேவை

ஆசிரியருக்கு வணக்கம்.

பெங்களூரில் மாடித்தோட்டக்காரர்களுக்கென்று விற்கப்படும் சொட்டுநீர் கிட்டுகளில் பல, மோட்டார் அழுத்தத்தை நம்பி வடிவமைக்கப்பட்டவை. நம் வீடுகளிலோ செடிக்குத் தண்ணீர் வருவது மொட்டை மாடித் தொட்டியிலிருந்து. 10 மீட்டர் உயரத்தில் தண்ணீர் நின்றால்தான் ஏறக்குறைய 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் கிடைக்கும். 5 அடி ஸ்டாண்டில் வைத்த தொட்டி நிறைந்திருந்தாலும், உள்ளே நிற்கும் தண்ணீரின் உயரத்தையும் சேர்த்துச் செடிக்கு வருவது கால் பார்தான். தண்ணீர் இறங்க இறங்க அதுவும் குறையும். 'மணிக்கு 4 லிட்டர்' என்று போட்டிருக்கும் சாதாரண டிரிப்பரின் (செடியடியில் தண்ணீரைச் சொட்டவிடும் சிறு முனை) கணக்கு 1 பாருக்கானது. கால் பாரில் அது பாதி அளவே சொட்டும்.

இதைவிடப் பெரிய தொல்லை, குறித்த நேரத்தில் தண்ணீரைத் திறந்து மூடும் டைமர். கிட்டோடு வரும் டைமர்களில் பெரும்பாலும் மின்காந்தத்தால் இயங்கும் சோலினாய்டு வால்வுதான் இருக்கிறது. அதற்குள் இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் (சவ்வு), தண்ணீரின் அழுத்தத்தால்தான் அழுந்தி மூடும். அழுத்தம் போதாவிட்டால் சரியாகத் திறக்காது, மூடினாலும் கசியும். இரவு முழுக்கக் கசிந்தால் காலையில் தொட்டி காலி, செடி வளரும் பைகளில் வேரழுகல். 2024 மார்ச்சில், குடிநீரைத் தோட்டத்துக்கு விட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்த ஊர் இது. இங்கே இந்தக் கசிவைச் சின்ன விஷயமாக விட முடியாது. துளையுள்ள உருண்டையைச் சிறு மோட்டார் திருப்பித் திறந்து மூடும் பால் வால்வு டைமருக்கு அழுத்தமே தேவையில்லை. செல்போன் செயலி, ப்ளூடூத் என்று சேர்ப்பதற்கு முன் நிறுவனங்கள் இந்த வால்வை மாற்ற வேண்டும்.

குழாயிலும் திருத்தம் வேண்டும். 4 மி.மீ. டியூபையே பத்து மீட்டர் இழுத்தால் கடைசிப் பைக்குத் தண்ணீர் போய்ச் சேராது. 16 மி.மீ. குழாயை வளையமாகச் சுற்றி இரு முனையையும் இணைத்து, ஒவ்வொரு பைக்கும் ஒரு மீட்டருக்குள் 4 மி.மீ. கிளை எடுப்பதே சரி. குழாய் கறுப்பாக இருக்கட்டும். வெளிச்சம் புகும் டியூபில் பாசி பிடிக்கும். டிரிப்பர் மண்ணைத் தொடக் கூடாது. வால்வு மூடியதும் குழாயில் மிஞ்சும் தண்ணீர் தாழ்வான பக்கம் இறங்கும்போது, மேட்டில் இருக்கும் டிரிப்பர் சேற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். டிரிப்பரை மண்ணுக்கு ஓர் அங்குலம் மேலே பிடித்து நிறுத்த ஒரு பிளாஸ்டிக் குச்சி போதும். ஆனால் பல கிட்டுகளில் அது இல்லை.

போர்வெல் தண்ணீரின் உப்பு டிரிப்பர் வாயில் வெள்ளையாகப் படிந்து அடைக்கும். எனவே 120 மெஷ் (அங்குலத்துக்கு 120 கண்ணி) ஃபில்டரும், கழற்றி வினிகரில் ஊறவைக்கக்கூடிய டிரிப்பரும் கிட்டிலேயே இருக்க வேண்டும். தென்னை நார்க்கழிவு அதிகம் கலந்த பையில் தண்ணீர் பக்கவாட்டில் பரவாமல் நேரே கீழே இறங்கிவிடும். 15 அங்குலப் பைக்கு நடுவில் ஒரு டிரிப்பர் வைத்தால் ஓரத்து வேர் காய்கிறது, இரண்டு தேவை.

பெட்டியின் மேல் 'குறைந்தபட்ச அழுத்தம்' எவ்வளவு என்று அச்சிடுவதை உற்பத்தியாளர்கள் வழக்கமாக்க வேண்டும். குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி லால்பாக்கில் நடக்கும் மலர்க் கண்காட்சியில் கடை போடுவோர், மோட்டாரில் ஓட்டிக் காட்டாமல் 5 அடி ஸ்டாண்டில் ஒரு டிரம் வைத்து ஓட்டிக் காட்டட்டும். முதல் டிரிப்பருக்கும் கடைசி டிரிப்பருக்கும் அடியில் ஒவ்வொரு டம்ளர் வைத்து 15 நிமிடம் கழித்து அளந்து பாருங்கள். வித்தியாசம் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்தக் கிட்டை வாங்க வேண்டாம்.

— மாடித்தோட்ட ஆர்வலர், அல்சூர், பெங்களூரு