எண்பது-இருபது என்றால் எண்பது-இருபதாக இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் வந்த வீட்டுக் காபி குறிப்பைப் படித்தேன். படித்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் சிக்கரி சேர்த்த தூள் என்றாலே கலப்படம், தொடாதீர்கள் என்று ஒரு வரி இருந்ததே, அது இரண்டு நாளாக உறுத்துகிறது.

நான் பிறந்தது கும்பகோணம். தொலைபேசி நிலையத்தில் 31 வருஷம் இணைப்பு கொடுத்துவிட்டு, இப்போது ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன். எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் எங்கள் வீட்டுக் காபியில் சிக்கரி உண்டு. அது ஒரு செடியின் வேர். வறுத்துப் பொடிப்பார்கள். குஜராத்தில் ஜாம்நகர் பக்கம் நிறைய விளைகிறது. கஃபீன் துளியும் கிடையாது. டிக்காஷனுக்கு நிறமும் கெட்டியும் கொடுக்கும், பாலோடு நன்றாகச் சேரும். சட்டமும் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. காபி-சிக்கரி கலவை என்று சொல்லி விற்கலாம். அதில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எது எவ்வளவு என்று பாக்கெட்டில் அச்சிட்டிருக்க வேண்டும். நம் கம்பெனிப் பாக்கெட்டுகளில் அது இருக்கிறது, பூதக்கண்ணாடி வைத்துத் தேடினால்.

என் வருத்தமெல்லாம் கண்ணெதிரே அரைத்துத் தரும் கடைகள் மேல்தான். பை மேல் கடைப் பெயர் இருக்கும், போன் நம்பர் இருக்கும், பிள்ளையார் படம்கூட இருக்கும். விகிதம் மட்டும் இருக்காது. வறுத்த தேதியும் இருக்காது.

ஆடி மாதம் விருந்தாளிகள் வருகிறார்கள் என்று, வழக்கமான கடை பூட்டியிருந்ததால், வேறொரு கடையில் அரை கிலோ வாங்கினேன். பீபெரி, பிளான்டேஷன் என்ற இரண்டு வகைக் காபிக் கொட்டையும் பாதிப் பாதி, தூளில் காபி எண்பது பங்கு, சிக்கரி இருபது பங்கு என்று சொல்லித்தான் வாங்கினேன். மறுநாள் காலை ஃபில்டரில் டிக்காஷன் இறங்கவே மாட்டேன் என்றது. முக்கால் மணி கழித்துப் பார்த்தால் அடியில் தார் மாதிரி ஒரு கரண்டி. வாசனை வெல்லம் தீய்ந்த வாசனை. வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, "யாருக்கு உடம்பு சரியில்லை? கஷாயம் போட்டிருக்கே?" என்றார்.

கடையில் போய்க் கேட்டேன். "மாமி, அது உங்க போர் தண்ணி" என்றார் அந்தப் பையன். சரி, தண்ணியைக் குறை சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அதே தண்ணியில் முந்தின வாரம்வரை ஒழுங்காக இறங்கியதே!

அப்புறம் நான் செய்ததைச் சொல்கிறேன். கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல், மேலாக அரை ஸ்பூன் தூளைத் தூவுங்கள். காபித் தூள் மிதக்கும். சிக்கரி பழுப்பு நூல் நூலாக நிறத்தை விட்டுக்கொண்டு உடனே அடியில் போய் உட்காரும். பலருக்கும் தெரிந்த சோதனைதான். ஆனால் சிக்கரி இருக்கிறது என்றுதான் அது காட்டும், எவ்வளவு என்று சொல்லாது. அதனால் கலக்காத காபித் தூளும் தனிச் சிக்கரியும் வேறு இடத்தில் வாங்கிவந்து, தராசில் 80 கிராம், 20 கிராம் நிறுத்து நானே கலந்தேன். இரண்டு டம்ளரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தூவினேன். என் டம்ளரில் மேலே கனமாக ஓர் ஆடை, கீழே லேசான வண்டல். கடைத் தூள் போட்ட டம்ளரில் ஒரு நிமிஷத்துக்குள் பாதிக்கு மேல் அடியில். வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, தண்ணி மேல் தப்பில்லை என்று தீர்ப்பு சொன்னார்.

இனி, உங்கள் குறிப்பில் விட்டுப்போனவை. தளதளவென்று கொதிக்கிற தண்ணியை அப்படியே ஊற்றச் சொல்லியிருக்கிறீர்கள். அடுப்பை அணைத்து, கொதி அடங்கியதும் ஊற்றுவதுதான் என் வழக்கம். இரண்டு பேருக்குக் குவித்து மூன்று ஸ்பூன் தூள். ஃபில்டரோடு வரும் குடையை, அதாவது காம்பு வைத்த துளைத் தட்டை, தூள் மேலே வைத்து லேசாகச் சமன் செய்தால் போதும், பலம் காட்டக் கூடாது. முதலில் தூள் நனையும் அளவுக்குச் சுற்றி ஊற்றி, அது பொங்கி அடங்கினதும் மிச்சத்தை ஊற்றுவேன். ஊற்றிவிட்டுக் கோலம் போடப் போனால், திரும்பி வருவதற்குள் இறங்கியிருக்கும். இறங்கவில்லையா, உடனே தூளைக் கிளறாதீர்கள். மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தில் இறுகிப் பிடித்திருக்கும், உள்ளே இருக்கும் காற்றுக்கு வழி இருக்காது. மேலதை ஒரு தடவை தூக்கி வையுங்கள், சொட்ட ஆரம்பிக்கும். மாதம் ஒருமுறை ஃபில்டரின் அடித் துளைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். அடைத்திருந்தால் அடுப்புத் தணலில் காட்டித் தட்டினால் உதிர்ந்துவிடும். என் அம்மாவின் பித்தளை ஃபில்டர் இன்னும் அப்படித்தான் ஓடுகிறது.

டிக்காஷனைச் சுடவைக்கவே கூடாது. பால்தான் சூடாக இருக்க வேண்டும், அதுவும் அப்போது பொங்கிய பால். மூன்று சதவீதக் கொழுப்புள்ள பாலில் டிகிரி காபி எதிர்பார்ப்பது பேராசை. நைட் டியூட்டிக்குப் போகும்போது டிக்காஷன் ஒரு சீசாவில், பால் ஃபிளாஸ்கில் என்று தனித்தனியாகத்தான் கொண்டுபோவேன். கலந்து எடுத்துவந்த தோழிகள் இரண்டு மணிக்கு என் சீசாவைத் தேடி வருவார்கள்.

உங்கள் பத்திரிகை மூலம் நான் கேட்பது இதுதான். சில்லறையில் அரைத்து விற்கும் கடைக்காரர்கள் பை மேல் சிக்கரி விகிதத்தையும் வறுத்த தேதியையும் பேனாவிலாவது எழுதித் தரட்டும். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் இனிப்புக் கடைகளுக்குப் போகிற வழியில் இங்கேயும் ஒரு எட்டு எட்டிப் பார்க்கட்டும். அறுபது-நாற்பது வேண்டுமென்றால் நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். சில நாள் அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

தயவுசெய்து என் பெயரைப் போட வேண்டாம். அந்தக் கடைக்காரர் எங்கள் தெருவிலேயேதான் குடியிருக்கிறார், போன வாரம்கூட வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தேன். எங்கே தூள் வாங்குகிறீர்கள் என்று கேட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்ரீரங்கம்.