கடற்கரை மலசலகூடத்தில் யார் அசுத்தம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மே முதல் செப்டெம்பர் வரையான சுற்றுலாச் சீசனில் திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் ஒவ்வொரு வருடமும் கேட்கும் முறைப்பாடு இது. "வெள்ளைக்காரர் தண்ணியைத் தொடமாட்டினம், பேப்பரைப் போட்டு அடைச்சுப்போட்டுப் போயிடுவினம்" என்பார்கள் நம்மவர்கள். தரையெல்லாம் ஈரம், கொமட் இருக்கையில் செருப்புத் தடம் என்று முகம் சுளிப்பார்கள் அவர்கள். ஆளுக்காள் மற்றவரை அசுத்தம் என்கிறார்களே தவிர, இரு தரப்பும் சிறுவயதில் பழகிய சுத்தத்தைத்தான் அங்கும் கடைப்பிடிக்கப் பார்க்கிறது. கட்டடம்தான் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

குந்தியிருக்கும் கோப்பைக்கு நாம் வாளியால் ஊற்றுவது 2, 3 லீற்றர் தண்ணீர். மலத்தைத் தள்ள அது போதும், கடதாசியைத் தள்ளாது. கோப்பைக்குக் கீழே தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவில் கடதாசி கட்டியாகிவிடும். அடுத்தவர் ஊற்றியதும் தண்ணீர் மேலே ஏறும். உடனே யாராவது விளக்குமாற்றுப் பிடியால் குத்துவார். கட்டி இன்னும் உள்ளே போய் இறுகும். மாதவிடாய் நாப்கின் இதைவிட மோசம், அதற்குள் இருக்கும் ஜெல் தண்ணீரை உறிஞ்சி ஊதிவிடும். "கடதாசி போடவேண்டாம்" என்று மும்மொழியில் எழுதிவிட்டுத் தொட்டி வைக்காவிட்டால், எல்லாம் ஜன்னல் விளிம்பிலும் கோப்பைக்குப் பின்னாலும்தான் சேரும். காலால் மிதித்துத் திறக்கும் மூடித் தொட்டி அறைக்கு ஒன்று வேண்டும். தினமும் அதைக் கொட்டிக் கழுவவும் ஆள் வேண்டும்.

கொமட்டின் மேல் ஏறிக் குந்துபவரைப் பட்டிக்காடு என்று சிரிப்பது சரியல்ல. ஊரார் இருந்த இருக்கையில் வெறும் உடம்பு படக்கூடாது என்பதும் சுத்தம் பார்ப்பதுதான். ஆனால் ஆபத்தானது, பீங்கான் உடைந்தால் ஆழமாக வெட்டும். நான்கு அறை கட்டினால் இரண்டிலாவது குந்தும் கோப்பை இருக்கட்டும், உள்ளே எது என்று கதவில் படம் போடட்டும். கோணேஸ்வரத்துக்கு வரும் அடியார்களுக்கும் சரி, கிண்ணியா, மூதூர் முஸ்லிம்களுக்கும் சரி, தண்ணீர் இல்லாத கொமட் எதற்கும் உதவாது. குடிநீர்ப் போத்தலோடு உள்ளே போவார்கள். வெறும் போத்தல்கள் கொமட்டைச் சுற்றி வரிசையாக நிற்கும்.

ஹேண்ட் ஷவர் பூட்டினால் மட்டும் தீராது. பாவித்தவர் விசையை விட்டுவிட்டுச் சுவரிலுள்ள வால்வை மூடாமல் போவார். இரவு முழுக்க அமுக்கம் ஹோஸிலேயே நிற்க, முதலில் இணைப்பு கசியும், பிறகு ஹோஸ் வெடிக்கும். தரை நனைவதைத் தடுக்க முடியாது, வடியவைக்கலாம்: மீற்றருக்கு 2 சென்ரிமீற்றர் சரிவு, வடிகால் துளை கதவோரம் இல்லாமல் கோப்பையோரம். பை கொழுவ நெஞ்சு உயரத்தில் இரண்டு கொக்கி. இந்தக் கொக்கியை ஏனோ யாரும் நினைப்பதில்லை.

பைப்பில் தண்ணீர் வராத நாளுக்கென வைக்கும் பீப்பாவுக்கு இறுக்கமான மூடி தேவை. 2017இல் கிண்ணியா பட்ட டெங்குப் பாட்டை மறந்திருக்கமாட்டோம். நுளம்பு முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பீப்பாவின் உட்சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீரை வெளியே கொட்டிவிட்டால் போதாது, வாரம் ஒருமுறை உட்சுவரைத் தூரிகையால் தேய்க்க வேண்டும்.

இடக்கை கழுவ, வலக்கை சாப்பிட என்ற நம் ஒழுங்கு நல்லதுதான், ஆனால் சவர்க்காரத்துக்கு அது ஈடாகாது. கதவுப் பிடியும் பைப் பிடியும் இரு கைக்கும் பொது. 20 விநாடி இரண்டு கையையும் தேய்க்க வேண்டும். கட்டிச் சவர்க்காரம் அங்கே தங்காது, சுவரில் பூட்டிய திரவச் சவர்க்காரம் தங்கும்.

துப்புரவுப் பணியாளர் பற்றியும் ஒரு சொல். கறை போக்கும் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டினால் குளோரின் வாயு கிளம்பும். அடைத்த அறையில் அது நெஞ்சை அடைக்கும். ஒன்றை ஊற்றித் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே மற்றது. இதைச் சொல்லிக் கொடுக்காமல் போத்தலை மட்டும் கொடுக்கிறார்கள்.

கடற்கரை மணலில் மாரி வந்தால் நிலத்தடி நீர் உயர்ந்து மலசலகூடக் குழி உறிஞ்சாது. ஆகவே பவுசர் கொண்டு குழியை இறைப்பது சீசன் முடிந்த கையோடு, ஐப்பசி மழைக்கு முன் நடக்க வேண்டும். மழை தொடங்கிய பிறகு இறைத்தால் விரைவிலேயே நிலத்தடி நீர் ஊறி மறுபடி நிரம்பிவிடும், செலவழித்த காசும் போய்விடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார உத்தியோகத்தர்,
திருகோணமலை