எல்.எல்.ஆர். தேர்வை நீங்களே எழுதுங்கள்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் டிரைவிங் ஸ்கூலில் வண்டி பழகப் பெயர் கொடுத்திருப்பவர்களுக்கும், இனிமேல் கொடுக்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வண்டி பழக முதலில் எடுக்க வேண்டிய தற்காலிக லைசென்ஸ்தான் எல்.எல்.ஆர். வாரத்தில் நாலைந்து முறையாவது இப்படி ஒரு போன் வருகிறது: "ஏனுங்க, அந்த எல்.எல்.ஆர். பரிட்சைய நீங்களே எழுதிப்போடுங்க. ஓ.டி.பி. வந்தா நான் சொல்லிடறனுங்க." யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. தோப்பில் ஆள் விட்டிருப்பார்கள், கடையை விட்டு வர முடியாது, பிள்ளைக்குப் பரீட்சை நேரம். கூடுதலாகப் பணம் தருகிறேன் என்றும் சொல்கிறார்கள். நாங்கள் முடியாது என்றுதான் சொல்கிறோம். போனில் அப்படிச் சொல்லும்போது சிலருக்கு மனசு சங்கடப்படுகிறது. அதனால் காரணத்தை இங்கே முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தம்பி கார் பழக வந்தார். எல்.எல்.ஆரை வேறு இடத்தில் எடுத்துவிட்டு வந்திருந்தார். கிளட்ச், கியர் எல்லாம் நாலே நாளில் கைக்கு வந்துவிட்டது. ஏழாம் நாள் ஊருக்குள் ஓட்டிக்கொண்டு வந்தவர், இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, அழகாக ஒரு தெருவுக்குள் திருப்பினார். தெரு முனையில் சிவப்பு வட்டம், நடுவில் வெள்ளைப் பட்டை. எதிரே டவுன் பஸ். என் பக்கத்து பிரேக்கை நான் மிதித்ததில் வண்டி பஸ்ஸுக்கு ஐந்தடி முன்னால் நின்றது. "போர்டைப் பாக்கலயா தம்பி?" என்று கேட்டேன். "பார்த்தேண்ணா. அது என்னன்னு தெரியல" என்றார். பொய் சொல்லவில்லை. அவருடைய தேர்வில் அத்தனை பதிலையும் தட்டியது வேறு ஒருவர். 'உள்ளே நுழையாதே' என்ற சின்னத்தை யாரும் அவருக்கு ஒருமுறைகூடக் காட்டியதில்லை.

லைசென்ஸுக்காக எட்டு போட்டு ஓட்டிக்காட்டும் நாளில் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்ப்பது பெரும்பாலும் நம் கையையும் காலையும்தான். சாலை விதி உனக்குத் தெரியுமா என்று நம்மை உட்கார வைத்துக் கேட்பது இந்த ஒரு தேர்வில். காலத்தோடு லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டே வந்தால், அதற்குப் பிறகு ஆயுசுக்கும் யாரும் அதைத் திரும்பக் கேட்கப்போவதில்லை. அந்த ஒரு வாய்ப்பையும் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை.

சரி, எப்படித் தயாராவது? ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், நான்கு மாலை போதும். ஆதார் வழியாக விண்ணப்பித்தால் அரசின் சாரதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே எழுதலாம், இல்லையென்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் கம்ப்யூட்டரில். தமிழிலேயே எழுதலாம். கேட்ட கேள்விகளில் 60 சதவீதம் சரியாக இருந்தால் தேர்ச்சி. ஆனால் அறுபதுக்காகப் படிக்காதீர்கள். தெரியாத நாற்பதும் ஒருநாள் சாலையில் எதிரே வந்து நிற்கும்.

முதல் இரண்டு மாலையும் சின்னங்களுக்கு. எங்கள் ஆபீஸ் மேஜையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தினக்காலண்டர் அட்டைகளை வெட்டி, ஒரு பக்கம் சின்னமும் மறுபக்கம் பெயருமாக என் மகள் பள்ளிக்கூடம் போகும் காலத்தில் வரைந்து கொடுத்தவை. சிவப்பு ஸ்கெட்ச் மங்கிவிட்டது, ஓரமெல்லாம் பிசிறடித்துவிட்டது. இன்றைக்கும் நாங்கள் பாடம் நடத்துவது அதை வைத்துத்தான்.

அதில் சைக்கிள் படம் போட்ட அட்டை மூன்று இருக்கும். மூன்றிலும் அதே சைக்கிள். சிவப்பு விளிம்புள்ள வட்டத்துக்குள், மேலே குறுக்குக் கோட்டோடு இருந்தால் சைக்கிள் போகக் கூடாது. சிவப்பு விளிம்புள்ள முக்கோணத்துக்குள் இருந்தால் முன்னால் சைக்கிள்கள் சாலையைக் கடக்கும், பார்த்துப் போ. முழு நீல வட்டத்துக்குள் இருந்தால் இது சைக்கிளுக்கென்றே உள்ள பாதை. புதிதாக வருகிறவர்கள் உள்ளே இருக்கும் படத்தைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். அதனால்தான் தடுமாறுகிறார்கள். படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதைச் சுற்றியுள்ள வடிவத்தையும் நிறத்தையும் பாருங்கள். வட்டம் உத்தரவு போடும். அதில் சிவப்பு விளிம்பு 'செய்யாதே', நீலம் 'இதைச் செய்'. முக்கோணம் எச்சரிக்கும். நீலச் செவ்வகம் தகவல் சொல்லும். இது மனதில் நின்றுவிட்டால், பார்த்தே இராத சின்னத்துக்கும் பாதிப் பதில் கையில் இருக்கும்.

இந்தக் கணக்கில் சேராதவை இரண்டு. நில் என்பதற்கு எட்டு மூலை உள்ள சிவப்புப் பலகை. வழி விடு என்பதற்குத் தலைகீழ் முக்கோணம். இந்த இரண்டையும் வேறு எதற்கும் இல்லாத வடிவத்தில் வைத்திருப்பதால், சேறு அப்பி எழுத்து மறைந்திருந்தாலும் வடிவத்தை வைத்தே அடையாளம் தெரியும். டப்பாவில் இந்த இரண்டு அட்டையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கச் சொல்வோம். அப்புறம் யாரும் மறப்பதில்லை.

குழப்பும் ஜோடிகள் சில உண்டு. நீல வட்டம், சிவப்பு விளிம்பு, ஒரே ஒரு சாய்கோடு என்றால் வண்டியை நிறுத்திவிட்டுப் போகக் கூடாது, அதாவது நோ பார்க்கிங். அதே வட்டத்தில் பெருக்கல் குறி போல் இரண்டு கோடு இருந்தால் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது. கட்டில் படம் என்றால் ஆஸ்பத்திரி. சிலுவைக் குறி மட்டும் என்றால் முதலுதவி நிலையம். முக்கோணத்துக்குள் வேலி போன்ற கேட் என்றால் ஆள் உள்ள ரயில்வே கேட். ரயில் இன்ஜின் என்றால் ஆளில்லாத கடவு.

மூன்றாம் மாலை விதிகளுக்கு. இதில் மாணவர்களைவிட, வருடக்கணக்காக வண்டி ஓட்டியவர்கள்தான் அதிகம் தவறுகிறார்கள் என்பதை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். சொந்தத் தோப்புக்குள் இருபது வருடமாக டிராக்டர் ஓட்டிய ஒரு அண்ணன் முதல்முறை தேர்ச்சி பெறவில்லை. சாலையில் தினமும் பார்ப்பதை வைத்துப் பதில் சொன்னார். சிக்னல் இல்லாத நாற்சந்தியில் யார் முதலில் போகலாம் என்றால், பெரிய வண்டி என்றார். வலது பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும் என்பதுதான் விதி, ரவுண்டானாவிலும் அப்படியே. ஜீப்ரா கிராசிங்கில் ஆள் நின்றால் ஹாரன் அடிப்பேன் என்றார். வண்டியை நிறுத்தி ஆளைப் போகவிட வேண்டும். மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் வேகத்தைக் குறைத்துப் பார்த்துப் போக வேண்டும். சிவப்பு அப்படி எரிந்தால் நின்று, இருபுறமும் பார்த்துவிட்டுப் போக வேண்டும். முந்துவது எப்போதும் வலப்பக்கம். முன்னால் போகிறவர் வலது பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டுச் சாலை நடுவுக்கு வந்துவிட்டால் மட்டும் இடப்பக்கமாகப் போகலாம். அந்த அண்ணன் ஒரு வாரம் தோப்பு நிழலில் உட்கார்ந்து அட்டைகளைப் புரட்டினார். கட்டணம் கட்டி மறுபடி எழுதி நல்லபடியாகத் தேறினார். தவறினால் வெட்கப்பட ஒன்றுமில்லை. திரும்ப எழுதலாம்.

மலைப்பாதைக் கேள்வி நம்மூர்க்காரர்கள் யாருக்கும் தப்பவே கூடாது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. குறுகலான இடத்தில் மேலே ஏறும் வண்டியும் கீழே இறங்கும் வண்டியும் எதிரெதிரே வந்தால், இறங்குகிறவர் ஒதுங்கி நின்று ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும். காரணம் புரிந்தால் மறக்காது. தேயிலை மூட்டையோடு ஏறுகிற லாரி ஒரு தடவை நின்றுவிட்டால், கிளட்சைத் தாங்கி மறுபடி கிளப்புவதற்குள் பின்னால் உருண்டுவிடக் கூடும். இறங்குகிறவருக்கு அந்தச் சங்கடம் இல்லை. இறங்கும்போது வண்டியை நியூட்ரலில் விடுவதும் இன்ஜினை அணைப்பதும் கூடாது. பெட்ரோல் மிச்சம் என்று நினைத்து அப்படிச் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்ஜினின் பிடி போய்விட்டால் முழுப் பாரமும் பிரேக் மேல் விழும். சூடேறிய பிரேக் எந்த வளைவில் கைவிடும் என்று சொல்ல முடியாது.

ஆளில்லா ரயில் கடவைப் பற்றிய கேள்வியும் வரும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 131 சொல்வது இது: வண்டியை நிறுத்த வேண்டும். கண்டக்டரோ கிளீனரோ உடன் வருபவரோ இறங்கி நடந்து போய், இரு பக்கமும் ரயில் வரவில்லை என்று பார்க்க வேண்டும். யாரும் இல்லையென்றால் ஓட்டுநரே இறங்கிப் பார்க்க வேண்டும். அகலப் பாதைகளில் ஆளில்லா கடவுகளை 2019 ஜனவரியோடு ரயில்வே ஒழித்துவிட்டது. அப்புறம் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். பாடத்தில் இன்னும் இருக்கிறது. அதோடு, பார்வை மறைக்கிற எந்த இடத்துக்கும் நின்று பார்த்துப் போகிற அந்தப் பழக்கம் உதவும்.

விபத்து பற்றிய கேள்வியை மட்டும் தயவுசெய்து பதிலுக்காகப் படிக்காதீர்கள். நம் வண்டியால் ஒருவருக்கு அடிபட்டால் நிற்க வேண்டும். அருகிலிருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்ய வேண்டும். எப்படியும் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் தெரிவிக்க வேண்டும். கூட்டம் அடிக்க வரும் நிலை இருந்தால் அதைச் சட்டமே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பிறருக்கு நடந்த விபத்தில் உதவி செய்தால் கேஸில் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது. எங்களிடம் ஸ்கூட்டர் பழகிய ஒரு அக்கா உடுமலை ரோட்டில் விழுந்து கிடந்த ஒரு பையனைப் பார்த்து நின்று, 108-க்கு போன் போட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் தலைமாட்டில் சேலைத் தலைப்பால் வெயிலை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "நீங்க அந்தப் பாடம் சொல்லும்போதுதான் நிக்கலாம்னு தைரியம் வந்துச்சு" என்று எங்களிடம் வந்து சொன்னார். இத்தனை வருடத்தில் எங்களுக்குக் கிடைத்த பெரிய சம்பளம் அதுதான்.

நான்காம் மாலை, சாரதி தளத்திலேயே இருக்கும் மாதிரித் தேர்வை இரண்டு மூன்று முறை எழுதிப் பாருங்கள். கேள்விகளின் தமிழ் கொஞ்சம் புத்தகத்தனமாக இருக்கும். விதி தெரிந்தவர்களே வார்த்தையில் தடுக்கி விழுகிறார்கள். பாதசாரி என்றால் நடந்து போகிறவர், சந்திப்பு என்றால் ரோடுகள் கூடும் இடம், பழகுநர் உரிமம் என்றால் நம் எல்.எல்.ஆரேதான். விடைகள் எல்லாவற்றையும் கடைசி வார்த்தை வரை படித்த பிறகு தட்டுங்கள். 'கூடும்', 'கூடாது' வித்தியாசம் வரியின் கடைசியில்தான் இருக்கும்.

பெற்றோர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 16 வயதில் லைசென்ஸ் உண்டா என்று கேட்கிறீர்கள். 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும், உங்கள் சம்மதத்தோடு உண்டு. ஆனால் இப்போது தெருவில் ஓடும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சிசிக்கு மேல். அதற்கு 18 ஆக வேண்டும். லைசென்ஸ் இல்லாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றமானால், பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது. வண்டியின் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. இரண்டு வருடம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எல்.எல்.ஆர். கைக்கு வந்த நாளிலிருந்து ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழிந்த பிறகுதான் எட்டு போடப் போக முடியும். அதுவரை கார் ஓட்டினால் பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் இருக்க வேண்டும். பைக்கில், சொல்லிக்கொடுக்கிற லைசென்ஸ்காரரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு 'எல்' ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டுவதற்குக் கூச்சப்படுகிறவர்கள் உண்டு. அந்த எழுத்தைப் பார்த்தால் பின்னால் வருகிறவர் கொஞ்சம் பொறுத்துப் போவார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்கு எங்கள் ஆபீஸில் இந்தப் பாடம் நடக்கும். இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. எங்களிடம் பெயர் கொடுக்காதவர்களும் வரலாம். அன்றைக்கே விண்ணப்பிக்க நினைப்பவர்கள் ஆதாரில் இணைத்த நம்பர் உள்ள போனைக் கொண்டுவாருங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியை மறக்க வேண்டாம். 40 வயது தாண்டியவர்களுக்கு டாக்டர் கையெழுத்திட்ட மருத்துவச் சான்றும் வேண்டும். படிவத்தை முந்தின நாளே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் பழக்கமே இல்லை என்று தயங்குகிறவர்களுக்கு மவுஸ் பிடிக்கவும் சொல்லித் தருகிறோம். பதிலை மட்டும் நீங்கள் தட்டுங்கள்.

அந்த பிஸ்கட் டப்பாவை வீட்டுக்கும் எடுத்துப் போகலாம். மேஜை நோட்டில் பெயரை எழுதிவிட்டு எடுத்துப் போய், மூன்று நாளில் திருப்பிக் கொடுங்கள். அடுத்து எப்போதும் ஒருவர் காத்திருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் டிரைவிங் ஸ்கூல்,
பொள்ளாச்சி