மூன்றாம் மாடியில் வந்த வெள்ளம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் வீட்டு நிதிப் பக்கத்தில் ஒரு வரி. குடியிருப்போர் சங்கம் கட்டடத்துக்கு இன்சூரன்ஸ் எடுத்திருந்தால், பிளாட்காரர்கள் தனியாக எடுப்பது தெண்டச் செலவாம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். அதேதான் இருந்தது.

கட்டுரைக்கு முப்பது மாடிக் கட்டடத்தின் படம் போட்டிருந்தீர்கள். அழகாக இருந்தது. நாங்கள் இருப்பது நாகர்கோவிலில், நாலு மாடி, பன்னிரண்டு வீடு. மூன்றாம் மாடி என்னுடையது. எனக்கு மேலே இருக்கும் வீட்டுக்காரர் குவைத்தில். சாவி குழித்துறையில், அவர் மைத்துனரிடம். போன வருடம் ஒரு ராத்திரி அந்தப் பூட்டிய வீட்டின் குளியலறைக் குழாய் உடைந்தது. சாவி வந்து சேருவதற்குள் என் படுக்கையறை பேன் கம்பி வழியாகத் தண்ணீர் நூல் பிடித்த மாதிரி மெத்தை மேல் இறங்கிக்கொண்டிருந்தது. பிளைவுட் அலமாரி ஊறின அப்பளமாகிவிட்டது. உள்ளே இருந்த எங்கள் கல்யாண ஆல்பத்தில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் மாப்பிள்ளையின் முகம் அந்தப் பக்கத்தோடு போகிறது. அவர் போயே ஆறு வருடமாகிறது. சரி, அது உங்கள் நிதிப் பக்கத்துக்குச் சம்பந்தமில்லாதது.

மாடிப்படி மின்சாரப் பலகையும் நனைந்து கெட்டதால் சங்கச் செயலாளர் இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொன்னார். சேதத்தை மதிப்பிட கம்பெனியின் சர்வேயர் வந்தார், வெளி மாவட்டத்துப் பிள்ளை. என்ன நடந்தது என்று கேட்டார். "மேல்வீட்டிலிருந்து வெள்ளம் வந்தது தம்பி" என்றேன். எங்கள் ஊரில் குடிக்கிற தண்ணீரும் வெள்ளம்தான், குளிக்கிற தண்ணீரும் வெள்ளம்தான். அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் வெள்ளப்பெருக்கு என்று எழுதிக்கொண்டு போய்விட்டது. ஒரு மாதம் கழித்துக் கம்பெனியிலிருந்து கடிதம்: அன்றைய தேதியில் நாகர்கோவிலில் வெள்ளம் பதிவாகவில்லை, தரைத்தளம் மூழ்காமல் மூன்றாம் மாடி மூழ்கியது எப்படி? முப்பத்தொரு வருடம் தமிழ் கற்பித்த நான், குமரி மாவட்டத்தில் வெள்ளம் என்றால் என்ன என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு விளக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு பணம் வந்தது. மின்சாரப் பலகைக்கு! சங்கத்தின் பாலிசி லிப்ட், மோட்டார், மாடிப்படி, வெளிச்சுவர் இவற்றுக்குத்தான் என்றார்கள். என் வாசற்படிக்கு உள்ளே இருப்பது என் பாடு. வீட்டுக் கடன் வாங்கும்போது பேங்கில் ஒரு பாலிசி போட்டார்களே என்று அதைத் தேடி எடுத்தால், அது என் மகனின் உயிருக்கு. அவனுக்கு ஏதாவது ஆனால் கடனை அடைக்கும், அவ்வளவுதான். அதில் கிளெய்ம் கேட்கும் நிலை வரவே வேண்டாம்.

அப்புறம்தான் விசாரித்தேன். உங்கள் கட்டுரையாளருக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்! 2021 ஏப்ரல் முதல் எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி விற்கவேண்டும் என்று, இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கொண்டுவந்த பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுப் பாலிசி இருக்கிறது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலச்சரிவு எல்லாவற்றோடும் தண்ணீர்த் தொட்டியோ குழாயோ உடைந்து நேரும் சேதமும் அதில் உண்டு. நாள்பட்ட கசிவுக்கும் தேய்மானத்துக்கும் கிடையாது. பிளாட் வாங்கின விலைக்கு எடுக்கவேண்டும் என்று பயப்படவேண்டாம். நிலத்தில் நமக்குள்ள பாகத்துக்கு இன்சூரன்ஸ் இல்லை, திரும்பக் கட்ட ஆகும் செலவுக்குத்தான். 900 சதுர அடிக்கு அடிக்கு 2,000 என்று வைத்தால் 18 லட்சம். கட்டடத்துக்கு எடுத்தால் வீட்டுச் சாமான்களுக்கு அதில் 20 சதவீதம், 10 லட்சத்துக்கு மிகாமல், தானாகவே சேர்ந்துவிடும். என் கணக்குக்கு 3,60,000. மெத்தையும் அலமாரியும் அதில் ஒரு மூலைக்குக் காணாது. நகைக்கு மட்டும் தனியாகக் கேட்டு எழுதவேண்டும்.

இந்தத் தெண்டச் செலவைச் செய்யாததால் என் கையிலிருந்து போனது 84,000. மேல்வீட்டுக்காரர் குவைத்திலிருந்து கூப்பிட்டு, "அக்கா, மன்னிக்கணும்" என்றார். மன்னித்துவிட்டேன். வேறென்ன செய்ய?

உங்களிடம் மன வருத்தம் இன்று நேற்று வந்ததில்லை. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். அப்போது தக்கலைப் பக்கம் ஓட்டு வீட்டில் இருந்தோம். அயனி மரம் அடுக்களை மேல் விழுந்தது. நாள் கணக்கில் கரண்ட் இல்லை, கடலுக்குப் போனவர்களின் வீடுகளில் அழுகை ஓயவில்லை. அந்த வாரம் உங்கள் இதழ் சென்னைக்கு மழை உண்டா என்று ஆராய்ந்துகொண்டிருந்தது. உங்களுக்கு மழை என்றால் ஐப்பசி கார்த்திகை. எங்களுக்கு இடவப்பாதியும், அதாவது தென்மேற்குப் பருவமழையும், உண்டு என்பது இன்னும் உங்கள் காதுக்கு எட்டவில்லை. அதைப் பற்றி நான் எழுதிய கடிதத்தைப் பாதியாக வெட்டி, ஊர்ப் பெயருக்குக் கீழே திருநெல்வேலி மாவட்டம் என்று போட்டீர்கள். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்த தனி மாவட்டம் ஐயா இது. மரம் விழாத வீடு வேண்டும் என்றுதான் அந்த ஓட்டு வீட்டை விற்றுவிட்டு இந்த பிளாட்டுக்கு வந்தேன்.

உங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்த வரி தவறு என்று அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் இரண்டு வரி போடுங்கள். இந்தக் கடிதத்தை வெட்டுவதானால் வெட்டிக்கொள்ளுங்கள், மாவட்டத்தின் பெயரை மட்டும் சரியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
நாகர்கோவில், கன்னியாகுமரி மாவட்டம்