கண்காட்சி வைக்கப்போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். ஆச்சிக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை. தம்பி பரீட்சைக்குப் படிப்பதுபோல் நடித்துக்கொண்டிருக்கிறான். மாசி முடியுமுன்னே பாளையங்கோட்டையில் வெயில் மண்டையைப் பிளக்கிறது.

நேற்று ராத்திரி நீ படபடவென்று பேசிவிட்டு போனை வைத்துவிட்டாய். "பிள்ளை அழுதாளா?" என்று உங்கம்மா கேட்டாள். அழவில்லை, கோபம்தான் என்றேன். போனில் நான் சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுவிடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் புரிந்துகொண்டது சரியா பார். நீங்கள் எட்டுப் பேர் சேர்ந்து கண்காட்சி வைக்கிறீர்கள். ஓவியத்தில் மூன்று பேர், சிற்பத்தில் இரண்டு பேர், சுடுமண்ணில் ஒருத்தி, துணி வடிவமைப்பில் ஒருத்தி. எட்டாவது அந்தப் பையன். அவன் தன்னுடையது என்று எதையும் வைக்கவில்லை. மற்றவர்களின் வேலை நிற்பதற்குப் பீடம் அடித்திருக்கிறான், ஒயர் இழுத்து விளக்கு மாட்டப்போகிறான், சட்டம் வெட்டிக் கொடுக்கிறான். அழைப்பிதழில் தன் பெயரும் வரவேண்டும் என்கிறான். "ஒரு கோடுகூடக் கிழிக்காதவனுக்கு எதுக்குப்பா பேரு?" என்று நீ கேட்டாய். இன்னொருத்தி, யார் பெயருமே வேண்டாம், குழுவுக்கு ஒரு பெயர் போதும், கோயில் கட்டியவர்கள் பெயரா போட்டுக்கொண்டார்கள் என்கிறாள்.

அவன் பெயரைப் போடு. எட்டுப் பெயரும் வரட்டும். ஏன் என்று சொல்கிறேன்.

ஜங்ஷனில் ஒரு மாஸ்டரிடம் நான் தொழில் படித்த காலத்தில் சுவர் விளம்பரம் என்றால் நாலைந்து பேர் வேலை. ஒருத்தன் சுவரைச் சுரண்டி வெள்ளையடிப்பான். இரண்டு பேர் நூல் பிடிப்பார்கள். மாஸ்டர் சாக்பீஸால் எழுத்துக்கு அவுட்லைன் போடுவார். நாங்கள் சாரத்தில் உட்கார்ந்து பெயிண்டால் அடைப்போம். கடைசியில் மாஸ்டர் ஏறி ஷேடு கொடுத்து, வலது மூலையில் தன் பெயரை எழுதி, பக்கத்தில் 'ஆர்ட்ஸ்' என்று போட்டுவிட்டு இறங்குவார்.

நூல் பிடிப்பதை நீ பார்த்திருக்க மாட்டாய். நீ பிறந்து விவரம் தெரிவதற்குள் ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது. பருத்தி நூலை நீலப்பொடியில் புரட்டி எடுத்து, சுவரின் இரண்டு முனையிலும் ஆளுக்கொருவர் விறைப்பாக இழுத்துப் பிடிக்க வேண்டும். நடுவில் ஒருவர் இரண்டு விரலால் நூலைக் கிள்ளி இழுத்து விடுவார். 'டப்'பென்று ஒரு சத்தம், சுவரில் நேராக ஒரு நீலக்கோடு. எழுத்து அத்தனையும் அந்தக் கோட்டில்தான் உட்காரும். முனையில் நிற்பவன் அரை இஞ்ச் அசந்தாலும் வரி சாய்ந்துவிடும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு அது தெரியாது, பஸ்ஸில் போகிறவனுக்குப் பளிச்சென்று தெரியும். வேலை முடிந்ததும் அந்தக் கோட்டைத் துணியால் துடைத்துவிடுவோம். பிடித்தவன் அங்கே நின்றதற்கு அடையாளமே இருக்காது. தொடக்கத்தில் என் வேலை அதுதான்.

கல்யாணமான புதிதில் வண்ணார்பேட்டையில் ஒரு பெரிய சுவரைக் காட்டி, இது நாங்கள் எழுதியது என்று உங்கம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் மூலைக்கு மூலை பார்த்துவிட்டு, "உங்க பேரக் காணோமே" என்றாள். இன்றைக்கும் என்னை மடக்க வேண்டுமென்றால் அதைத்தான் எடுப்பாள். மாஸ்டர் மேல் எனக்கு வருத்தம் கிடையாது என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், அதனால் சொல்லவில்லை.

சரி, கோயில் கதைக்கு வருவோம். திருப்புடைமருதூருக்கு உன்னைக் கூட்டிப்போனது ஞாபகம் இருக்கும். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் நிலை நிலையாக ஏறினோமே. சுவரெல்லாம் ஓவியம், தூணிலும் உத்தரத்திலும் மரச்சிற்பம். குதிரைகளை ஏற்றிவரும் கப்பலைப் பார்த்ததும் நீ நோட்டை விரித்து அந்த இருட்டிலேயே உட்கார்ந்துவிட்டாய். அதை வரைந்தவர் பெயர் நம் கண்ணுக்கு எங்கேயும் படவில்லை, சரிதான். உன் தோழி அதைப் பெருந்தன்மை என்கிறாள். அவரிடம் யாராவது கேட்டுப் பார்த்தார்களா? எழுதவிடாமலேகூட இருந்திருக்கலாம். கூலி வாங்கிக்கொண்டு இறங்கிப் போனவரை, பெயர் வேண்டாம் என்றவராக நாமே ஆக்கிவிடக் கூடாது. நான் சாரத்திலிருந்து இறங்கியவன், எனக்கு அந்தப் பேச்சு ஒட்டவில்லை.

அதே கோபுரத்தில் இன்னொன்றும் இருக்கிறது. நீ கப்பலை வரைந்துகொண்டிருந்தபோது நான் பார்த்தது மேலே இருந்த உத்தரங்களைத்தான். அவ்வளவு உயரத்தில் தளத்துக்குத் தளம் மரத்தைக் கோத்து நிறுத்திய தச்சன் இல்லையென்றால் ஓவியன் எங்கே நின்று வரைவான்? உங்கள் எட்டாவது ஆளையும் அந்தத் தச்சனோடு சேர்த்துப் பார்.

கோயில் தூரம் என்றால் மெரினாவுக்குப் போ. உழைப்பாளர் சிலை 1959-இல் வைத்தது. செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, உங்கள் கவின் கலைக் கல்லூரிக்கே முதல்வராக இருந்தவர். பாறையை நெம்பும் அந்த நாலு பேருக்கு முன்மாதிரியாக நின்றவர்கள் இரண்டே பேர், ஒருவர் கல்லூரிக் காவலாளி, இன்னொருவர் மாணவர் என்று சொல்வார்கள். உழைப்பைப் பற்றிய சிலை. அதற்கு வெயிலில் தசையை முறுக்கி நின்ற இரண்டு பேரை உன் வகுப்பில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1850-இல் தொடங்கிய கல்லூரி உங்களுடையது. அங்கே இத்தனை காலம் பீடம் அடித்தவர்கள், களிமண் பிசைந்தவர்கள், மாடலாக உட்கார்ந்தவர்கள் பெயரை எழுதினால் சுவர் போதாது.

ஆனால் இரக்கப்பட்டுப் பெயர் போடாதே. அழைப்பிதழில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவரவர் வேலையை எழுது: ஓவியம், சிற்பம், சுடுமண், துணி, பீடமும் விளக்கும். அப்போதுதான் பீடம் ஆடினால் யாரைப் பிடிப்பது என்பதும் தெரியும். அந்தச் சுடுமண் பெண்ணின் பானை விழுந்து உடைந்தால் அவன் பதில் சொல்லட்டும். பெயர்களை அகர வரிசையில் போட்டுவிடு, முன்னே பின்னே என்ற சண்டை வராது. உன் பெயர் நடுவில் எங்கேயோ வரும், வரட்டும்.

பணத் தகராறையும் லேசாகக் காதில் போட்டாய். ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நீதான் எனக்குக் காட்டினாய். கே.சி.எஸ். பணிக்கரும் அவரிடம் படித்தவர்களும் 1966-இல் தொடங்கியது. படத்தை நம்பி அடுப்பு எரியாது என்று தெரிந்துதான் மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுச் சமாளித்தார்கள். வரைவதை மட்டும் அவரவர் வழியில் வரைந்தார்கள். நீங்களும் வாடகை, ஆணி, அச்சு, டீ எல்லாவற்றையும் எட்டாகப் பிரித்து ஒரு நோட்டில் எழுதுங்கள். படம் விற்றால் அந்தப் பணம் வரைந்தவருக்கு. பொதுச் செலவுக்கு அதில் எவ்வளவு எடுப்பது என்பதை விற்பதற்கு முன்பே பேசிவிடுங்கள். விற்ற பிறகு பேசினால் சிநேகிதம் மிஞ்சாது.

அப்புறம் மாட்டுகிற வேலை. இதில் எனக்குக் கொஞ்சம் வாய் நீளம், பொறுத்துக்கொள். ஆணி அடிப்பதற்கு முன்னால் எல்லாப் படத்தையும் சுவரோரம் தரையிலேயே சாய்த்து வையுங்கள். சிற்பத்துக்கு முதலில் இடம் பிடியுங்கள், அதை அப்புறம் நகர்த்த முடியாது. படத்தின் மேல்விளிம்பை ஒரே மட்டத்தில் வைக்கத்தான் எல்லாருக்கும் கை போகும். அப்படி வேண்டாம். படத்தின் நடு தரையிலிருந்து 57 இஞ்சில், கண் மட்டத்தில் இருக்கட்டும். பெரிய ஓவியக் கூடங்களில் பெரும்பாலும் அப்படித்தான் மாட்டுகிறார்கள். நம் பழைய நூலையே அந்த உயரத்தில் இழுத்துக் கட்டுங்கள், நீலப்பொடி மட்டும் வேண்டாம், வாடகைச் சுவர். கத்துகிற நிறத்துக்குப் பக்கத்தில் பென்சில் படத்தை மாட்டினால் பென்சில் படம் செத்துப்போகும். கண்ணாடி போட்ட படத்துக்கு நேரெதிரே விளக்கு வைத்தால் பார்க்க வருகிறவருக்குத் தன் முகம்தான் தெரியும். இதெல்லாம் அந்தப் பையனுக்கு உன்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும், அவனைக் கேள்.

உன் படத்துக்கு நல்ல இடம் கிடைக்கவில்லை என்றாய். வாசலுக்கு நேரே இருக்கிற சுவர்தான் நல்ல இடம் என்று யார் சொன்னது? உள்ளே நுழைகிறவர்கள் அங்கே தெரிந்தவர்களைத் தேடுவார்கள். கொஞ்சம் உள்ளே தள்ளி, திரும்புகிற இடத்தைக் கேட்டு வாங்கு. சுற்றிவிட்டு வருகிறவர்கள் அங்கேதான் நின்று பார்ப்பார்கள்.

தொடக்க நாளுக்கு முந்தின ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன். அம்மாவும் வருவாள், ஆச்சியைப் பார்த்துக்கொள்ள அத்தை வருவதாகச் சொல்லியிருக்கிறாள். எட்டுப் பேருக்கும் அல்வா உண்டு. மட்டம் பார்க்கிற ஸ்பிரிட் லெவலும் என்னுடைய மெல்லிய பிரஷ்களும் கொண்டுவருகிறேன், படத்துக்குக் கீழே வைக்கிற பெயர் அட்டைகளை நானே எழுதித் தருகிறேன். பள்ளிக்கூடச் சுவரில் திருக்குறள் எழுத இன்றைக்கும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், உங்கள் அட்டைக்கு இந்தக் கை போதும். பீடத்துக்கும் ஓர் அட்டை உண்டு, மறந்துவிடாதே. எல்லாம் ஒரே அளவில் வெட்டி வை, நாலைந்து கூடுதலாகவும் வெட்டு. பெயர்களைத் தமிழில் எப்படி எழுத வேண்டும் என்று அவரவரிடமே கேட்டு, இனிஷியலோடு ஒரு தாளில் குறித்து அனுப்பு. பளபளப்பான அட்டை மட்டும் வாங்காதே, அதில் பிரஷ் வழுக்கும்.

அன்புடன்,
அப்பா