பேய்க்கணவாயைச் சொந்தக்காரர்களோடு சேர்த்து வையுங்கள்

தமிழில் உயிரியல் பாடம் எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். ஆக்டோபஸுக்கு 'எண்காலி' என்று பெயர் சூட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். சிலந்தியை எட்டுக்கால் பூச்சி என்று அழைத்துப் பழகிய பிள்ளை, இரண்டும் ஒரே இனம் என்றே நினைத்துக்கொள்ளும். கடற்கரையில் வழங்கும் 'பேய்க்கணவாய்' என்ற பெயரோ அதை நேராக ஸ்குவிட் முதலான கணவாய்களோடு சேர்த்துவிடுகிறது. உறவும் அதுதான். பாடத் தலைப்பிலேயே அந்தப் பெயர் வரட்டும்.

அது மீனும் அல்ல. மெல்லுடலிகள் தொகுதி, தலைக்காலிகள் வகுப்பு, ஆக்டோபோடா வரிசை. ஏறத்தாழ 300 சிற்றினங்கள். நத்தையும் மட்டியும் அதன் பங்காளிகள். சிலந்தியைவிட மண்புழுகூட அதற்குக் கிட்டத்துச் சொந்தம்.

செய்முறைக்கு ஊசிக்கணவாய் (ஸ்குவிட்), ஓட்டுக்கணவாய் (கட்டில்ஃபிஷ்), பேய்க்கணவாய் மூன்றிலும் ஒவ்வொன்று சந்தையில் வாங்கினால் போதும். ஆனால் 'கைகளை எண்ணுக' என்று மட்டும் எழுதினால் பிசகிவிடும். முதல் இரண்டுக்கும் எட்டுக் கைகளோடு நீண்ட பற்றுக்கைகள் இரண்டு உண்டு. ஓட்டுக்கணவாய் அவற்றைக் கண்ணுக்குக் கீழுள்ள பைக்குள் இழுத்து வைத்திருக்கும். ஊசிக்கணவாய்க்கு அவை பிடிபடும்போதே அறுந்துபோயிருக்கலாம். எட்டு என்று எண்ணும் மாணவர் மூன்றையும் ஆக்டோபஸ் என்று எழுதிவிடுவார். ஆகவே கைகளில் உள்ள உறிஞ்சிகளை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் இரண்டிலும் ஒவ்வோர் உறிஞ்சியும் சிறு காம்பில் நிற்கும். உள்ளே நகம் போல் கெட்டியான வளையம் நெருடும். பேய்க்கணவாய்க்குக் காம்பும் இல்லை, வளையமும் இல்லை, வெறும் தசைதான்.

பிறகு முதுகைக் கீறலாம். ஓட்டுக்கணவாயில், நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று விற்கும் அதே வெள்ளை ஓடு. ஊசிக்கணவாயில் கண்ணாடித் தாள் போன்ற மெல்லிய தகடு. பேய்க்கணவாயில் தேடினாலும் பெரும்பாலும் இரண்டு நுண்குச்சிகள்தான் மிஞ்சும். ஓடு தேய்ந்துபோன கதை ஒரே தட்டில் தெரிந்துவிடும்.

கைகள் கூடும் நடுவில் இடுக்கியை விட்டால் கிளி மூக்கு போன்ற அலகு வரும். அதைப் பிளந்தால், பல் வரிசைகளோடு அரம் போன்ற நாக்கு நாடா. நத்தையின் வாயிலும் இதே நாடா உண்டு. இரண்டையும் உருப்பெருக்கியில் அடுத்தடுத்துக் காட்டுங்கள்.

'மனிதக் கண் போன்ற கண்' என்ற வரியை உறவுக்குச் சான்றாக வைக்க வேண்டாம். ஆக்டோபஸின் விழித்திரையில் ஒளியுணர் செல்கள் வெளிச்சத்தை நோக்கி நிற்கின்றன, நரம்பு பின்பக்கமாகப் போகிறது. குருட்டுப் புள்ளியே இல்லை. நம் கண்ணில் அமைப்பு தலைகீழ். இரண்டும் தனித்தனியே உருவானவை.

ஆழ்கடலில் வாழும் வாம்பயர் ஸ்குவிட்டை, பெயரைப் பார்த்து உறவு மரத்தில் ஊசிக்கணவாய்க் கிளையில் வரைந்துவிடாதீர்கள். எட்டுக் கைகளும் இழை இரண்டும் கொண்ட அதன் இடம் ஆக்டோபஸுக்குப் பக்கத்துக் கிளை.