லாகோசில் இருக்கும் மகளுக்கு

தஞ்சாவூர்,
31.10.2021

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய 'எசென்ஸ்' பாடலை நானும் அம்மாவும் இந்த வாரம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தோம். அது இடம்பெற்ற நைஜீரியப் பாடகர் விஸ்கிட்டின் 'மேட் இன் லாகோஸ்' தொகுப்பு வெளிவந்து நேற்றோடு ஓராண்டு ஆகிறது. லாகோசின் லெக்கி சுங்கச்சாவடியில், போலீஸ் அத்துமீறலை எதிர்த்துப் போராடியவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்த பத்தாம் நாள் அது. ஊரடங்கில் நீ அறைக்குள்ளேயே அடைந்து கிடந்தாய். இங்கே தொலைபேசி ஒலித்தாலே அம்மா பதறிப்போவாள். அந்த நாட்களில் உன் ஊரிலிருந்து இவ்வளவு மென்மையான ஒரு காதல் பாட்டும் வந்திருக்கிறது என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

சாப்பாட்டு மேசையில் விரலால் தட்டிக்கொண்டே கேட்டேன். தாளத்தின் எட்டு மாத்திரையை நான்கும் நான்குமாகப் பிரிக்காமல், மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிக்கும் நடை அந்த ஊர்ப் பாட்டுகளில் அடிக்கடி வருகிறது. சிறுவயதில் மிருதங்க வாத்தியார் என் தொடையில் தட்டிச் சொல்லிக்கொடுத்த 'தகிட தகிட தக' அதுவேதான். முந்தைய தலைமுறை நைஜீரிய இசைக்கலைஞர் ஃபேலா குட்டியின் ஆஃப்ரோபீட் வேறு, இன்றைய இளைஞர்களின் ஆஃப்ரோபீட்ஸ் வேறு என்று நீ முன்பு சொன்னதும் இப்போது காதுக்குப் பிடிபடுகிறது. ஃபேலாவின் பாட்டு கால் மணி நேரம்கூட ஓடும், ஆட்சியாளர்களை நேருக்கு நேர் கேள்வி கேட்கும். இது நான்கு நிமிடத்தில் மனத்தை நனைத்துவிட்டுப் போய்விடுகிறது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது 'எசென்ஸ்' பாட்டை விஸ்கிட்டும் டெம்ஸ் என்ற பாடகியும் சேர்ந்து பாடியிருக்கும் விதத்தைப் பற்றித்தான். லாகோசின் சுருலேரே பகுதியில் வளர்ந்த விஸ்கிட் பத்தாண்டுகளாகப் புகழோடு இருப்பவர். டெம்ஸோ 2018இல் வேலையை விட்டுவிட்டு, தானே இசையமைத்த பாட்டோடு வெளியே வந்தவர். அப்படியிருந்தும் தன் தொகுப்பிலேயே பல்லவியை அவரிடம் ஒப்படைத்திருக்கிறார் விஸ்கிட். டெம்ஸின் கனத்த, சற்றே கரகரத்த குரல் பாட்டைத் தாங்கி நிற்க, விஸ்கிட் குரலை உயர்த்தாமல் பக்கத்தில் நடந்து வருகிறார். வீட்டுக்காரர் விருந்தாளியைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டுத் தான் திண்ணையில் உட்கார்ந்ததுபோல் இருந்தது எனக்கு.

ஆகஸ்டில் ஜஸ்டின் பீபர் சேர்ந்து பாடிய வடிவத்தையும் கேட்டேன். அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் இந்த மாதம் பாட்டு ஒன்பதாம் இடத்துக்கு ஏறியதில் அதற்கும் பங்கு உண்டு; அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் மூன்றாவது குரல் வந்ததும் அந்த இருவருக்கும் நடுவிலிருந்த அமைதி குறைந்துவிடுகிறது. எனக்கு முதல் வடிவமே போதும். அம்மாவுக்கும் அப்படித்தான்.

டெம்ஸ் தனியாகப் பாடியவை இருந்தால் அனுப்பு. வியாழக்கிழமை தீபாவளியன்று நீ அழைக்கும்போது, அங்கே உன்னோடு வேலை செய்பவர்கள் இந்தப் பாட்டுக்கு எந்த இடத்தில் கை தட்டுகிறார்கள் என்று தட்டிக் காட்டு. நானும் இங்கே மேசையில் தட்டுகிறேன்.

அன்புடன்,
அப்பா